வேகம் வேண்டாம், சாம்பல் வேண்டும்: இருட்டறை கேள்வி–பதில்

அல்ட்ராசவுண்ட் படங்களை ஃபிலிமிலும் தாளிலும் பதிவு செய்வது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ரேடியோகிராஃபராக இருட்டறையில் நெடுங்காலம் நின்றவள் என்பதால், பதில்களில் கொஞ்சம் பிடிவாதம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் பயிற்சிக் கூடத்தில் பழைய அல்ட்ராசவுண்ட் எந்திரம் ஒன்று பிக்சர் ட்யூப் மானிட்டரோடு இன்னும் வேலை செய்கிறது. ஃபிலிமில் படம் எடுத்த முறையை மாணவர்களுக்குச் செய்து காட்ட ஆசை. 35 மி.மீ. கேமராவும் ஸ்டாண்டும் இருக்கின்றன. "திரை மங்கல்தானே, ஐஎஸ்ஓ 3200 ஃபிலிம் வாங்குங்கள்" என்கிறார் புகைப்படக்கார நண்பர் ஒருவர். வாங்கலாமா? — ஓர் ஆசிரியர்

பதில்: வேண்டாம். ஓடுகிற ஆளைப் படம் பிடிக்கத்தான் ஐஎஸ்ஓ எண் அதிகமான, வேகமான ஃபிலிம். ஃப்ரீஸ் பட்டனை அழுத்திய பிறகு உங்கள் திரையில் எதுவும் அசையப்போவதில்லை. கேமராவும் ஸ்டாண்டில் நிற்கிறது. அரை வினாடி, ஒரு வினாடி ஷட்டரைத் திறந்து வைக்க உங்களுக்கு என்ன தடை? வேகத்தை வாங்கினால் கூடவே பெரிய கிரெயினும், அதாவது மணல் தூவியது போன்ற துகளும், வரும். அல்ட்ராசவுண்ட் படத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளிச் சிதறல் இருக்கிறது. எதிரொலிகள் ஒன்றோடொன்று மோதிக் கூடியும் குறைந்தும் உண்டாகிற ஸ்பெக்கிள். அதன் மேல் ஃபிலிமின் கிரெயினும் ஏறிக்கொண்டால், எது ஈரல், எது ஃபிலிம் என்று மாணவனுக்குப் பிரித்துச் சொல்ல உங்களாலேயே முடியாது.

ஐஎஸ்ஓ 100, 125 அளவிலுள்ள சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம் போதும். இல்ஃபோர்ட் எஃப்பி4 ப்ளஸ் எனக்குப் பிடித்தது. கோடாக் டி-மேக்ஸ் 100 இன்னும் நுணுக்கமானது; ஆனால் டெவலப் செய்யும் நேரமும் வெப்பமும் சற்று மாறினாலும் கான்ட்ராஸ்ட் நகர்ந்துவிடும். மாணவர்கள் கையில் கொடுக்க எஃப்பி4-தான் பத்திரம். லித்தோ ஃபிலிம், ஆவணங்களை நகலெடுக்கும் ஃபிலிம் என்று சாம்பலை விழுங்கிவிடும் வகைகளின் பக்கமே போகாதீர்கள். இதய வால்வின் அசைவைக் கோடாக வரைகிற எம்-மோடுக்கு அவை சரி. ஈரலுக்குச் சரிப்படாது.

ஃபிலிமைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: திரையைச் சரிசெய்வது. அறை விளக்கை அணையுங்கள். கேமராவுக்கும் திரைக்கும் நடுவே கறுப்புத் துணியால் ஒரு கூடாரம் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சட்டைப் பொத்தான்கூடக் கண்ணாடியில் பிரதிபலிக்கும். எதிரொலியே இல்லாத இடம் அப்போதுதான் கறுப்பானது என்று சொல்லும் அளவுக்கு பிரைட்னஸைக் குறையுங்கள். பிறகு கான்ட்ராஸ்டை மெல்ல ஏற்றுங்கள். படத்தின் ஓரத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு சாம்பல் பட்டை இருக்குமே, அதன் ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்கு அது சோகையாகத் தோன்றும், தோன்றட்டும். ஃபிலிம் தன் பங்குக்குக் கொஞ்சம் கான்ட்ராஸ்டைச் சேர்க்கும். சரிசெய்த குமிழ்களின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். போகிற போக்கில் யாராவது திருகாமல் இருக்கமாட்டார்கள்.

ஷட்டர் விஷயம் அடுத்தது. டியூப் மானிட்டர் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் காட்டுவதில்லை. வரி வரியாக, விநாடிக்கு 25 அல்லது 30 ஃப்ரேமாக வரைகிறது. அதுவும் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை. 1/60-இல் எடுத்தால் பாதி வரிகள்கூடச் சரியாக விழாது. கறுப்புப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். 1/4 வினாடிக்கு மேல் போங்கள். நான் 1/2 வினாடி வைப்பேன். பல ஃப்ரேம்கள் சேர்ந்து விழுவதால் மினுமினுப்பும் அடங்கும். ஒரு வினாடியைத் தாண்ட வேண்டாம். அதன்பின் ஃபிலிமின் உணர்திறன் குறையத் தொடங்கும், கணக்குப் பிசகும். டியூப்பின் முகம் வளைந்திருப்பதால் லென்ஸின் துவாரம் எஃப் 8 பக்கத்தில் இருந்தால்தான் மூலைகளும் ஃபோகஸில் நிற்கும்.

கேமரா மீட்டரை நம்பிவிடாதீர்கள். விசிறி வடிவப் படத்தைச் சுற்றித் திரையில் பெரும்பகுதி கறுப்பு. மீட்டர் அதையும் சேர்த்து சராசரி போட்டு "வெளிச்சம் போதாது" என்று சொல்லும். அதன் பேச்சைக் கேட்டால் பின்னணி சாம்பலாகவும் பளிச்சென்ற எதிரொலிகள் வெறும் வெள்ளைத் திட்டாகவும் வரும். சாம்பல் பட்டையின் நடுப்படியை மட்டும் கிட்டப் போய் அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எஃப் 4, 5.6, 8, 11 என்று வரிசையாக எடுத்து, எந்தப் படம் எது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குவது வீண்செலவு இல்லை.

வந்த படம் நல்லதா என்று எப்படித் தெரியும்? பித்தப்பைக் கல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கல் வெள்ளையாகவும் அதன் நிழல் கறுப்பாகவும் எந்த மட்டமான ஃபிலிமிலும் வரும். ஈரலும் வலது சிறுநீரகமும் ஒட்டி நிற்கும் படத்தை எடுங்கள். சிறுநீரகத்தின் வெளிப்பட்டையான கார்ட்டெக்ஸ் பொதுவாக ஈரலின் சாம்பலையே ஒத்திருக்கும், அல்லது ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். அதற்குள்ளே பிரமிடுகள் எனப்படும் கூம்புப் பகுதிகள் இன்னும் கறுப்பு. நடுவில் கொழுப்பு வெள்ளை. ஈரலுக்கு அப்பால் உதரவிதானம் வெள்ளைக் கோடு. கார்ட்டெக்ஸுக்கும் பிரமிடுக்கும் உள்ள வேறுபாடு திரையில் தெரிந்து படத்தில் காணாமல் போனால், உங்கள் கான்ட்ராஸ்ட் அதிகம் அல்லது எக்ஸ்போஷர் குறைவு. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்பதை டாக்டர்கள் இந்த ஈரல்–கார்ட்டெக்ஸ் ஒப்பீட்டில்தான் முதலில் பார்க்கிறார்கள். ஃபிலிம் அந்த வேறுபாட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் படம் பொய் சொல்கிறது என்றுதான் அர்த்தம்.

நெகட்டிவில் எதிரொலி கறுப்பாக விழும். பழைய எந்திரங்கள் பலவற்றில் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றுகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டு எடுத்தால் நெகட்டிவையே லைட் பாக்ஸில் மாட்டிக் காட்டலாம். பிரிண்ட் போடும் வேலை மிச்சம்.

கேள்வி: ஒரே ஃபிலிமில் பல ஸ்கேன் படங்களைப் பதிக்கும் மல்டிஃபார்மட் கேமரா ஒன்று எங்களிடம் சும்மா கிடக்கிறது. அதற்கான ஃபிலிம் இல்லை. எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. வெட்டிப் போட்டால் என்ன? — ரேடியாலஜி துறையில் ஒருவர்

பதில்: படம் வரும், ஆனால் சப்பென்று இருக்கும். வழக்கமான எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு. கேசட்டுக்குள் இருபுறமும் ஒளிரும் திரைகள் நடுவே அது உட்கார வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் கேமராவிலோ ஒளி ஒரு பக்கத்திலிருந்து லென்ஸ் வழியாக வருகிறது. முன்பக்க எமல்ஷனில் கூர்மையாக விழுந்த புள்ளி, அடித்தளத்தைக் கடந்து பின்பக்கம் போவதற்குள் பரந்துவிடும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஆழ அளவுகோலின் புள்ளிகளையும் நோயாளி பெயரின் எழுத்துகளையும் பாருங்கள். கலங்கல் முதலில் தெரிவது அங்கேதான்.

அதற்கென்றே வந்த ஃபிலிம் ஒரு பக்க எமல்ஷன். மறுபக்கம் சாயம் பூசிய படலம் ஒன்று, ஒளி பின்னால் மோதித் திரும்பி வந்து ஒளிவட்டம் போடாமல் விழுங்கிவிடும். கழுவும்போது சாயம் போய்விடும். இருட்டில் எந்தப் பக்கம் எமல்ஷன் என்று குழம்ப வேண்டாம். ஓரத்தில் வெட்டுக்குறி இருக்கும். ஃபிலிமை நெட்டுக்குத்தாகப் பிடித்து அந்தக் குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், எமல்ஷன் உங்களைப் பார்த்திருக்கிறது. இருட்டறை விளக்கையும் கவனியுங்கள்: பச்சை ஒளியையும் உணரும் ஆர்த்தோ ஃபிலிமுக்கு அடர்சிவப்பு விளக்குதான். நீல உணர்வு ஃபிலிமுக்குப் போட்ட பழைய மஞ்சள்–பழுப்பு விளக்கு அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

சரியான ஃபிலிம் கிடைத்த பிறகு நோயாளியின் படத்தில் சோதனை வேண்டாம். எஸ்எம்பிடிஇ (திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம்) வகுத்த சோதனைப் படிவத்தை கேமராவுக்கு அனுப்புங்கள். அதில் முழுக்கறுப்புக் கட்டத்துக்குள் 5 சதவீதக் கட்டம் ஒன்றும், முழுவெள்ளைக் கட்டத்துக்குள் 95 சதவீதக் கட்டம் ஒன்றும் இருக்கும். டெவலப் ஆன ஃபிலிமில் இரண்டும் தெரிந்தாக வேண்டும். ஒன்று தெரிந்து மற்றது தெரியவில்லையா, கேமராவுக்குள் இருக்கும் குட்டித் திரையின் பிரைட்னஸ் தவறு. இரண்டுமே தெரியவில்லையா, கான்ட்ராஸ்ட் அதிகம். நேற்று வரை நன்றாக இருந்து இன்று மட்டும் மங்கினால் கேமராவைத் தொடாதீர்கள். பிராசஸரில் டெவலப்பர் செத்திருக்கும்.

கேள்வி: பழைய மருத்துவ நூல்களில் அல்ட்ராசவுண்ட் படங்கள் சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளையாக இருக்கின்றனவே. அந்தக் காலத்து ஃபிலிம் மோசமா? — மருத்துவ மாணவி

பதில்: ஃபிலிமின் மேல் பழி போடாதீர்கள். அது இல்லாவிட்டால் படமே இல்லை.

கிளாஸ்கோவில் இயான் டொனால்டு, ஜான் மெக்விகார், டாம் பிரவுன் மூவரும் 1958-இல் லான்செட் இதழில் வயிற்றுக் கட்டிகளின் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்டார்கள். அந்தத் தலைமுறை எந்திரங்களில் இப்போதுபோல ப்ரோபை (உடல்மேல் வைக்கும் ஒலிக்கருவியை) வைத்ததும் முழுப் படம் வராது. ப்ரோப் உடல்மேல் நகர நகர, எதிரொலி வந்த இடங்களில் திரையில் புள்ளி மின்னி மறையும். எதிரே ஷட்டரைத் திறந்து வைத்த கேமரா. மறைந்துபோன புள்ளிகளையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு முழுப் படமாக்கியது ஃபிலிம்தான். ஒரே இடத்தை ப்ரோப் இரண்டு தரம் கடந்தால் அந்த இடம் இரட்டிப்பாக வெளுக்கும். நடுவில் நோயாளி மூச்சு விட்டால் ஓரங்கள் இரண்டாகும். எக்ஸ்போஷரைத் தீர்மானித்தது கை, லென்ஸ் இல்லை.

பிறகு படத்தைத் தானே பிடித்து வைக்கும் ஸ்டோரேஜ் ட்யூப்கள் வந்தன. வசதிதான், ஆனால் அவற்றுக்கு "உண்டு", "இல்லை" இரண்டே நிலைதான். நீங்கள் நூலில் பார்த்த கறுப்பு வெள்ளை பெரும்பாலும் அந்த ட்யூப்பின் கைங்கரியம். அதை எந்த உயர்ந்த ஃபிலிமில் எடுத்தாலும் சாம்பல் வராது; இருந்தால்தானே வர! ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் கோசாஃப் குழுவினர் ஸ்டோரேஜ் ட்யூப்பை ஒதுக்கிவிட்டு, சாதாரண ட்யூப்பிலிருந்து நேரே ஃபிலிமில் பதிவு செய்து, பலவீனமான எதிரொலிகளுக்கும் சாம்பலில் இடம் கொடுத்தார்கள். 1970களில், எதிரொலிகளைச் சேமித்து டிவி படமாக மாற்றும் ஸ்கேன் கன்வெர்ட்டர் வந்து அதே சாம்பல் டிவி திரைக்கே வந்துசேர்ந்தது. உறுப்புகளின் உட்திசு தெரியத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் தெரிந்தவை பெரும்பாலும் எல்லைக்கோடுகள்.

கேள்வி: ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரின் அலமாரியிலிருந்து போலராய்டு ஸ்கேன் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. சில புத்தம் புதிது போல, சில வெளுத்து, கோடு கோடாக இருக்கின்றன. ஏன்? அந்த ஃபிலிம் இப்போது கிடைக்குமா?

பதில்: பின்பக்கத்தைப் பாருங்கள், வகை எண் இருந்தாலும் இருக்கும். 107 என்றால் எடுத்தவுடன் அதன் மேல் பாதுகாப்புத் திரவம் தடவ வேண்டும்; பெட்டியோடு பஞ்சுக் குச்சி போல ஒன்று கொடுப்பார்கள். அவசரத்தில் ஒரே இழுப்பில் தடவியிருந்தால் விட்டுப்போன பட்டைகள் வெளுக்கும். நீங்கள் சொல்லும் கோடுகள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 667-க்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே ஐஎஸ்ஓ 3000. வேகம் இருந்தது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் படிகள் குறைவு. 611 என்று ஒன்று வந்தது, திரையைப் படமெடுக்கவென்றே கான்ட்ராஸ்டைக் குறைத்துச் செய்தது. கட்டில் 611 இருந்தால் அந்தப் படங்களை முதலில் ஸ்கேன் செய்து வையுங்கள். பாடம் நடத்த அவைதான் உதவும்.

போலராய்டு 2008-இல் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதே உரித்தெடுக்கும் வகையில் ஃபியூஜி செய்துவந்த எஃப்பி-3000பி 2013-இலும் எஃப்பி-100சி 2016-இலும் நின்றுபோயின. காலாவதியான பெட்டிகளைத் தேடி அலைய வேண்டாம். உள்ளிருக்கும் ரசாயனப் பை காய்ந்திருக்கும்.

கேள்வி: ஸ்கேன் அறை பிரிண்டருக்கு சாதாரணத் தாள், அதிக அடர்த்தித் தாள், பளபளப்புத் தாள் என்று மூன்று சொல்கிறார்கள். எதை வாங்க? இப்போது வரும் படங்களில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு வேறு.

பதில்: கோடு தாளின் குற்றமில்லை. தாளைச் சுட்டுப் படம் பதிக்கும் வெப்பத் தலையில் ஒரு புள்ளியில் தூசி அல்லது பசை. தாள் நகரும் திசையிலேயே கோடு ஓடினால் அதுதான். சுத்தம் செய்யும் ஷீட்டை ஓட்டுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள்.

தாளைப் பொறுத்தவரை, அதிக அடர்த்தி என்பது கறுப்பை இன்னும் கறுப்பாக்கும். கர்ப்பப்பையில் குழந்தையின் முகம் எடுப்பாக வரும், வீட்டார் மகிழ்வார்கள். டாக்டருக்குப் போகும் படமென்றால் நான் பளபளப்புத் தாளையே சொல்வேன், சாம்பல் படிகள் அதில் ஒழுங்காக இறங்குகின்றன. ஒரே ஒரு சங்கடம், மேலே விளக்கு இருந்தால் கண்ணில் அடிக்கும். எதை வாங்கினாலும் பிரிண்டரில் தாள் வகைக்கான செட்டிங் இருக்கும், அதை மாற்றுங்கள். தாளை மாற்றிவிட்டு செட்டிங்கை மறந்து, எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் எந்திரத்தின் கெயினைக் கூட்டிக் குறைத்து ஈடுகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது கெடுவது தாளில் உள்ள படம் மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கேனே.

கேள்வி: என் மகளின் முதல் ஸ்கேன் படம் மங்கிக்கொண்டே வருகிறது. லேமினேட் செய்யட்டுமா? — ஒரு தாய்

பதில்: ஐயோ, செய்யாதீர்கள்! அது வெப்பத்தால் எழுதிய தாள். லேமினேஷன் உருளைக்குள் போனால் முழுவதும் கறுத்துவிடும். பிவிசி உறையில் வைப்பதும் கெடுதல். அதிலிருக்கும் மென்மையாக்கும் பொருள் படத்தைத் தின்னும். கைக்கு கிரீம், சானிட்டைசர் போட்ட கையோடு தொடவும் வேண்டாம். இன்றே ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் எடுத்து, அந்த ஃபைலிலிருந்து சாதாரணப் புகைப்படத் தாளில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். அசலைக் காகித உறையில், இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளருக்கு ஸ்லைடு ஃபிலிம் போடலாமா?

பதில்: போடலாம். பகல் ஒளிக்கான ஐஎஸ்ஓ 100 ஸ்லைடு ஃபிலிம் எடுங்கள். எக்டாக்ரோம், புரோவியா எதுவானாலும் சரி. சிவப்பு, நீலம் சரியாக வந்ததா என்பதைவிட, ஓரத்து நிறப்பட்டை முழுதாகப் படத்துக்குள் விழுந்ததா என்று பாருங்கள். ப்ரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு என்பது வழக்கம்தான்; ஒரு பட்டனில் தலைகீழாக்கலாம். பட்டை இல்லாத டாப்ளர் படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: லேசர் உலர் ஃபிலிமுக்கு இருட்டறையே வேண்டாம் என்கிறார்கள். பாதுகாப்பானதுதானே?

பதில்: நல்ல ஃபிலிம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளி உப்பை ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டெவலப் செய்யும் வகைகளில், மிச்ச உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸர் கிடையாது. படமாகாத உப்பு ஃபிலிமிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போனால் வெளிர்ப்பகுதி மெல்லக் கறுக்கும். நோயாளியிடம் கவரைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மேடம், இன்ஸ்டாக்ஸ் கேமராவைத் திரைக்கு முன் பிடித்து குழந்தைப் படத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலான இன்ஸ்டாக்ஸ் மாடல்களில் ஃபிளாஷை நிறுத்த முடியாது, படத்தில் குழந்தைக்குப் பதில் ஒரு வெள்ளைப் பந்து வரும். கிட்டப் போனால் ஃபோகஸும் நிற்காது. ஆசை அந்தச் சின்னத் தாளின் மேல்தான் என்றால், ஸ்கேன் மையத்திடம் படத்தை ஃபைலாகக் கேட்டு வாங்கி, இன்ஸ்டாக்ஸ் லிங்க் வகை பிரிண்டருக்கு போனிலிருந்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் பெயரும் அடையாள எண்ணும் உள்ள மேல்பட்டையை வெட்டிவிடுங்கள்; அந்தத் தாள் எத்தனை பேர் போனுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்.